ஆறு பேர் வேலை செய்யும் கடையிலும்

மைசூரு அக்ரஹாரத்து வாசகிக்கு,

உங்கள் பெயரையும் கடையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. வேலையிடத்துப் பாலியல் துன்புறுத்தல் பற்றிப் புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை, இருந்தாலும்.

"ஆறு பேர் இருக்கும் புடவைக் கடையில் கமிட்டியா? அதெல்லாம் ஐ.டி. கம்பெனிக்குத்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் உள் புகார்க் குழு தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அத்தகைய இடங்களுக்காகவே மாவட்டந்தோறும் ஓர் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் வருடச் சட்டம். புகார் முதலாளி மேலேயே என்றால் பெரிய கம்பெனிப் பெண்ணுக்கும் அந்தக் குழுதான். அக்ரஹாரத்து வீடுகளில் சமையல் செய்யும் பெண்களுக்கும் இந்தச் சட்டம் உண்டு.

இதை ஏ.சி. அறைச் சட்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இதன் வேர் ராஜஸ்தானின் பதேரி கிராமத்தில் இருக்கிறது. அரசின் மகளிர் திட்டத்தில் ஊழியராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-இல் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். அதை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997-இல் இந்தச் சட்டத்துக்கு முன்னோடியான, உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்தது. அவருடைய சொந்த வழக்கிலோ, வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள்.

இனி உங்கள் விஷயம். கல்லாவில் உட்காரும், முதலாளியின் மைத்துனர் செய்ததைத் தீபாவளியிலிருந்து பொறுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால், கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டலாம். கன்னடம் எழுத வராது என்ற பயம் வேண்டாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. வக்கீல் வைக்கவும் தேவையில்லை, குழுவின் முன் எந்தத் தரப்புக்கும் வக்கீல் வாதாட முடியாது. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை இடமாற்றம் கேட்கலாம் என்கிறது சட்டம். ஆறு பேர் கடையில் எங்கே மாற்றுவார்கள்? மூன்று மாதம் வரை விடுப்புக் கேட்கலாம், அது உங்களுக்கு உதவும்.

"ஏதோ வாங்கிக்கொண்டு விட்டுவிடு" என்று பெரியவர்கள் வருவார்கள். நீங்களாகக் கேட்டால்தான் சமரசப் பேச்சு. அதுவும் பணத்தை வைத்து நடக்கக் கூடாது. நிரூபிக்க முடியாமல் போனால் உங்கள் மேலேயே திரும்பும் என்று மிரட்டினால் நம்பாதீர்கள். ஆதாரம் போதாமல் போனது வேறு, வேண்டுமென்றே பொய் சொன்னது வேறு என்று சட்டம் பிரித்தே வைத்திருக்கிறது.

பல மாவட்டங்களில் இந்த உள்ளூர்க் குழு ஏட்டோடு நின்றுபோனதால், அதை அமைக்க 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி கெடு விதிக்க வேண்டியிருந்தது. ஆகவே குழுவைத் தேடி டி.சி. (மாவட்ட ஆட்சியர்) அலுவலகத்துக்குப் போகும்போது "அப்படி ஒன்றும் இங்கே இல்லையே" என்று யாராவது சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். புகாரை ஆறு பிரதிகள் எடுத்துக்கொண்டு போங்கள். உங்களுக்கென்று ஒன்று தனியாக வைத்து, அதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். சாட்சிகளின் பெயரும் முகவரியும் வேண்டும். ஃபால்ஸ் தைக்கும் அக்கா ஒருநாள் பார்த்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, போவதற்கு முன் அவரிடம் பேசிவிடுங்கள்.