ஒரு வட்டும் பல வழிகளும்

விண்டோஸ் சர்வரையும் அதற்குப் புறத்தேயுள்ள வட்டுச் சேமிப்பகத்தையும் ஒற்றை வடத்தால் இணைப்பின், அவ்வடம் அற்றக்கால் தரவுகள் எட்டாவாம். இரு வடங்களால் இணைப்பினோ வேறோர் இடர் நேரும்: ஒரே வட்டு இரண்டாய்த் தோன்றும். அவற்றை வெவ்வேறெனக் கொண்டு எழுதப்புகின், ஒரு வழியாய் எழுதியதை மறுவழியாய் எழுதியது அழித்துக் கோப்புகள் சிதையும். ஆதலின், எம்.பி.ஐ.ஓ. எனும் பல்வழி இயக்கி வட்டின் அடையாளத்தை வினவி, இரண்டும் ஒன்றே எனத் தெளிகின்றது. இதுவே அதன் முதற்கடன். பலரும் புகழும் சுமைப்பகிர்வு இதற்குப் பிற்பட்டதே என்பது நம் துணிபு.

விண்டோஸ் சர்வர் 2008 முதல், இதற்கான பொதுக்கூறு அம்மென்பொருளுடனேயே வருகின்றது. ஒரு வட்டுக்கு 32 வழிகள் வரை அமையலாம். ரவுண்டு ராபின் முறை, வழிகளுக்கு மாறி மாறிப் பணியிடும். ஒரு வழி விரைவும் மற்றொன்று தாமதமுமாயின் இது பொருந்தாது. அவ்விடத்து, காத்துநிற்கும் கோரிக்கைகள் எவ்வழியிற் குறைவோ அதனைத் தேரும் முறையையே நாம் விரும்புவோம். எம்முறையாயினும், இரு வடங்களும் ஒரே சுவிட்சிற் சென்று கூடுமேல், அஃது அவிந்தவுடன் இரண்டும் ஒருங்கே அறும்.