மருத்துவத்தின் நான்காம் கூறு

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றுடன், நோயாளியின் அருகிலிருந்து துணைசெய்பவரையும் வள்ளுவர் நான்காவதாகச் சேர்த்துக்கொள்கிறார். கடந்த நாற்பது ஆண்டுகளில் மருந்துகள் பெருகியுள்ளன. மருத்துவக் கருவிகள் நுட்பமடைந்துள்ளன. ஆனால் அந்த நான்காம் கூறு, பல வீடுகளில் பெங்களூருக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் இடம்பெயர்ந்துவிட்டது.

இதில் எவரையும் குறைகூற இடமில்லை. பொருள்வயிற் பிரிவு சங்க காலத்திலேயே நம் இலக்கியம் அறிந்த ஒன்று. ஆனால் அன்று ஒருவர் பிரிந்து சென்றாலும் வீடு நிறைந்தே இருந்தது. இன்று எஞ்சியிருப்பவர்கள் முதிய பெற்றோர் இருவர். சில வீடுகளில் ஒருவர் மட்டுமே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூறு பேரில் பத்துப் பேருக்குமேல் அறுபது வயதை எட்டியவர்கள்.

செய்தித்தொடர்பும் இதே காலத்தில் மாறிவிட்டது. இந்தியாவில் கைப்பேசிச் சேவை 1995இல் தொடங்கியது; தந்திச் சேவை 2013இல் நிறுத்தப்பட்டது. கடிதத்துக்காகக் காத்திருந்த பெற்றோர் இன்று பிள்ளைகளின் முகத்தை நாள்தோறும் திரையில் காண்கின்றனர். முகத்தைப் பார்ப்பதால் அவர்களது உடல்நிலையையும் அறிந்துவிட்டதாகப் பிள்ளைகள் எண்ணுகின்றனர். இந்த எண்ணத்தைச் சற்று ஆராய்வது நலம்.

வீடு செய்துவந்த வேலை

நிறைந்த வீட்டில் எவரும் முதியவர்களைக் ‘கண்காணித்ததில்லை’. ஆயினும் தட்டில் பாதிச் சோறு மிஞ்சியதைத் தட்டைக் கழுவியவர் அறிந்தார். பாட்டி இரவில் நான்கு முறை எழுந்ததை அருகில் படுத்த பேத்தி அறிந்தாள். தாத்தாவின் செருப்பு இறுகிப்போனதும், அவர் இரண்டு தலையணை கேட்கத் தொடங்கியதும் எல்லோர் கண்ணிலும் பட்டன.

இவை வீட்டுச் செய்திகள்போல் தோன்றினாலும், மருத்துவருக்கு மிக முக்கியமான தகவல்கள். கால் வீக்கமும், தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுவதும் இதயச் செயலிழப்பின் தொடக்கமாக இருக்கலாம். இரவில் அடிக்கடி சிறுநீர் கழிப்பது சர்க்கரை அளவு கூடியதைக் காட்டலாம். முதியோருக்கு நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ தொற்று ஏற்படும்போது சில வேளைகளில் காய்ச்சலே இருக்காது; திடீர்க் குழப்பம், அதிகத் தூக்கம், உணவில் வெறுப்பு, தடுமாறி விழுதல் ஆகியவையே முதல் அறிகுறிகளாக அமையும். மனச்சோர்வுகூட அழுகையாக வராமல், உடல்வலியாகவும் உறக்கமின்மையாகவும் வெளிப்படலாம்.

காணொலி அழைப்பில் தெரிவது நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவரின் முகம் மட்டுமே. காலும் நடையும் உணவுத் தட்டும் அதில் தெரிவதில்லை. ‘நன்றாக இருக்கிறேன்’ என்ற பதிலோ, பிள்ளைகளைக் கவலைக்கு உள்ளாக்கக் கூடாதே என்ற அன்பினால் சொல்லப்படுவது. செவித்திறன் குறைந்தவர்கள் கேள்வி விளங்காதபோதும் புன்னகைத்துத் தலையசைப்பார்கள். ஆகவே, முன்பு இயல்பாக நடந்த கவனிப்பை இன்று திட்டமிட்டுச் செய்ய வேண்டியுள்ளது.

அழைப்பைப் பயனுள்ளதாக்கும் வழிகள்

1. நிகழ்ந்ததைக் கேளுங்கள். ‘சாப்பிட்டீர்களா, அம்மா?’ என்பதற்கு ‘ஆம்’ என்ற விடையே வரும். ‘காலையில் என்ன செய்தீர்கள்? எத்தனை இட்லி சாப்பிட்டீர்கள்? இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள்?’ என்று கேட்டால் உண்மை நிலை புலப்படும்.

2. வாரம் ஒருமுறை, வேறு யாரேனும் உடனிருக்கும் வேளையில், நாற்காலியிலிருந்து எழுந்து சில அடிகள் நடந்துகாட்டச் சொல்லுங்கள். பாதங்களையும் காட்டச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதங்களில் வலியில்லாத புண் இருக்கக்கூடும்.

3. மருந்து அட்டைகளைத் திரையில் பாருங்கள். இரண்டு இடங்களில் மருத்துவம் பார்ப்பவர்கள், ஒரே மருந்தை இரு வணிகப் பெயர்களில் உட்கொள்வது உண்டு. ஐயம் எழுந்தால் எதையும் நீங்களே நிறுத்தாமல், எல்லா அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டச் செய்யுங்கள்.

4. இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, உடல் எடை ஆகியவற்றை ஒரே குறிப்பேட்டில் எழுதிவரச் செய்யுங்கள். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ எடை கூடினால், உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள் கொண்டு உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

5. நாள்தோறும் ஒரே நேரத்தில் அழையுங்கள். பழகிய நேரத்தில் பதில் வராவிட்டால், அதுவே ஓர் எச்சரிக்கை.

அருகில் ஒருவர் வேண்டும்

தொலைபேசியால் ஆகாத செயல்களும் உள்ளன. வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை திடீரெனத் தோன்றினால் அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தை, அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அந்த நேரத்தில் கதவைத் திறந்து, 108 ஊர்தியை அழைத்து, நோயாளி கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று மருத்துவரிடம் சொல்ல ஓர் ஆள் தேவை. எனவே அண்டை வீட்டாரிலோ உறவினரிலோ ஒருவரை இன்றே தேர்ந்து, அவரிடம் மாற்றுச் சாவியையும் உங்கள் எண்ணையும் கொடுத்துவையுங்கள். மருத்துவக் கோப்பு இருக்கும் இடத்தையும் தெரிவியுங்கள்.

அரசின் உதவிகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மருந்துகள் வீட்டுக்கே வந்து வழங்கப்படுகின்றன. முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம்.

மருத்துவமனையில் சேர்த்த பின்னர், குடும்பத்தின் சார்பில் மருத்துவரிடம் பேச ஒருவரை மட்டும் அமர்த்திக்கொள்ளுங்கள். ஐந்து ஊர்களிலிருந்து ஐந்து கருத்துகள் வரும்போது முடிவு தாமதமாகிறது. அந்தத் தாமதத்தின் விலையை நோயாளியே கொடுக்கிறார். நோயாளி தெளிவான நினைவுடன் இருந்தால் அவரது விருப்பமே முதன்மையானது என்பதையும் மறத்தல் ஆகாது.

ஒரே கூரையின் கீழும் தொலைவு உண்டு

பெற்றோருடன் ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்கும் இக்கட்டுரை பொருந்தும். உணவு வேளையில் ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், தட்டில் மிஞ்சிய சோறு அங்கும் எவர் கண்ணிலும் படாது. தனிமை உள்ளத்தை மட்டும் தாக்குவதில்லை. 148 ஆய்வுகளில் பங்கேற்ற மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்களைத் தொகுத்து 2010இல் வெளியான பகுப்பாய்வு, வலுவான உறவுகள் உடையோர் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு அதிகம் என்று காட்டியது. நாளுக்கு ஒருவேளையாவது கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, சேர்ந்து அமர்ந்து உண்ணுங்கள்.

முதியோருக்கு ஒரு வேண்டுகோள்

‘வேலையில் இருக்கும் பிள்ளைக்கு ஏன் தொந்தரவு?’ என்று எண்ணி நோயை மறைக்காதீர்கள். இன்று சொல்லப்படும் கால்வீக்கம் சில மாத்திரைகளில் அடங்கிவிடக்கூடும். பத்து நாட்கள் மறைத்தால் அதுவே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசேர்க்கலாம். நீங்கள் எந்தப் பிள்ளைக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்தீர்களோ, அவர் நள்ளிரவில் விமானச்சீட்டுத் தேடவேண்டி வரும். அடுத்த அழைப்பில் உங்கள் உடலில் இருக்கும் ஒரு சிறு குறையையாவது மறைக்காமல் கூறுங்கள். பிள்ளைகளே, அதைப் பதறாமல் கேளுங்கள், கேட்டதைக் குறித்துவையுங்கள், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது அக்குறிப்பை அவரிடம் காட்டச் சொல்லுங்கள்.