இரவுச் சாலையும் தேசவிரதமும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் எல்லை விரதங்கள் இரண்டு. திக்விரதம் வாழ்நாள் முழுமைக்கும் திசைகளுக்கு எல்லை வகுப்பது. அவ்வெல்லைக்குள்ளேயே, குறித்த ஒரு காலத்திற்கு, இந்த வீதிவரை, இந்த ஊர்வரை என்று மேலும் சுருக்கிக்கொள்வது தேசவிரதம். உமாசுவாமிகள் இதனைக் குணவிரதங்களுள் வைத்தார். சமந்தபத்திரர் சிட்சாவிரதங்களுள் வைத்தார். எங்கு வைத்து எண்ணினும் பொருள் ஒன்றே. குதிரையும் மாட்டுவண்டியும் இருந்த காலத்து விரதம் இன்று எதற்கு என்று வினவுவோர் உளர். அமெரிக்காவில் குடியேறிய நம் குடும்பங்களில் பதினாறு வயதுப் பிள்ளை கார்ச் சாவியைக் கையில் வாங்கும் நாளன்று அவ்வினாவிற்கு விடை கிடைத்துவிடும்.

கலிபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பதினைந்தரை வயதில் பயிற்சி அனுமதி பெறலாம். ஆறு மாதமேனும் அதனை வைத்திருந்து, மூத்தவர் அருகிலிருக்க 50 மணி நேரம் ஓட்டிப் பழகி, அவற்றுள் 10 மணி நேரமாவது இரவில் ஓட்டி, தேர்விலும் வென்றால் 16 வயதில் தற்காலிக உரிமம் கிடைக்கும். உரிமம் பெற்ற முதல் 12 மாதங்களில், 18 வயது நிரம்பும்வரை, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஓட்டலாகாது. 20 வயதுக்குட்பட்டவரை ஏற்றிச் செல்லலும் ஆகாது. பெற்றோரோ, உரிமம் உடைய 25 வயது நிரம்பிய ஒருவரோ உடனிருப்பின் இவ்விரு தடைகளும் இல்லை. மருத்துவம், பள்ளி நிகழ்ச்சி, வேலை, குடும்பத்தாரை அழைத்துச் செல்லும் தேவை ஆகியவற்றிற்கு வேறு வழியில்லாதபோது, உரியவர் கையெழுத்திட்ட கடிதத்துடன் விலக்கு உண்டு. 1998 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தில் இரவுத் தடை முதலில் நள்ளிரவில்தான் தொடங்கியது. 2006இல் அது 11 மணிக்கு முன்னே கொண்டுவரப்பட்டது.

இச்சட்டத்தில் பெற்றோர் பலர் கவனியாத கூறு ஒன்று உண்டு. இத்தடையை மீறுகிறாரா என்று பார்ப்பதற்காகவே காவலர் ஒரு வண்டியை நிறுத்தலாகாது. வேறு காரணத்திற்காக நிறுத்தினால்தான் இதுவும் சேர்த்துக் கேட்கப்படும். முதன்முறை பிடிபட்டால் 35 டாலருக்கு மிகாத அபராதம், அல்லது சில மணி நேரச் சமூகப்பணி. ஆகவே உண்மையான காவல் வீட்டு வாசலில்தான் இருக்கிறது. இதில் நமக்கு வியப்பொன்றும் இல்லை. பொழுது சாய்ந்தபின் உண்டவனைப் பிடிக்கவும் அரசுக் காவலர் எவரும் வருவதில்லை.

"பத்து ஐம்பத்தொன்பதுக்கு நல்லதாக இருக்கும் சாலை பதினொன்று ஒன்றுக்குக் கெட்டுவிடுமா?" என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும், நல்ல கேள்விதான். இரவுண்ணாமையைச் சிறுவயது முதல் பழகிய பிள்ளைக்கு விடை கூறுவது எளிது. சூரியன் மறைந்த மறுகணமே சோற்றில் பூச்சி வந்து விழுந்துவிடுவதில்லை. ஆயினும் கண்ணுக்குத் தெரிவது சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போகும்போது, எங்கேனும் ஓரிடத்தில் கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மாலையும் "இன்னும் தெரிகிறதே" என்று வாதிட்டால் கோடே இல்லாமற் போகும்.

இனி, எவ்வளவு தெரிகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஈரியா சமிதியில் நம் முனிவர்கள் பகலொளியில் மட்டுமே, பலர் நடந்து பழகிய வழியில், முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கியே அடியெடுத்து வைப்பர். நடப்பவர் ஓரடியில் நின்றுவிட இயலுமாகையால் அவருக்கு நான்கு முழம் போதும். காரோ மணிக்கு 55 மைல் வேகத்தில் ஒரு நொடிக்கு 80 அடி ஓடிவிடுகிறது. அவ்வேகத்தில் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதித்து வண்டி முழுதும் நிற்க ஏறத்தாழ 400 அடி ஆகும் என்கிறது அம்மாநிலத்தின் ஓட்டுநர் கையேடு. தாழ்த்திய விளக்கின் ஒளி சுமார் 250 அடி வரையே தெளிவாகக் காட்டும். மீதி 150 அடியைப் பிள்ளை காணாமலே ஓட்டுகிறது! அந்த இருளில் மனிதர் வரலாம், மான் வரலாம். சான்பிரான்சிஸ்கோவிற்குத் தெற்கே 280ஆம் எண் நெடுஞ்சாலையில் இரவில் அடிபட்டு இறக்கும் மான்கள் பல. (முன்கண்ணாடியில் காலையில் நாம் துடைத்தெறியும் பூச்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது தனிக் கட்டுரைக்கு உரியது.) தேர்ந்த ஓட்டுநருக்கும் இருள் ஒன்றுதான். ஆனால் அவர் அனுபவத்தால் வேகத்தைக் குறைக்கிறார், எங்கே என்ன வரக்கூடும் என்று முன்னறிகிறார். புதியவருக்கு அது இனிமேல்தான் வரவேண்டும். அந்நாட்டில் 16 முதல் 19 வயது வரையுள்ளோர் ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் நேரும் உயிர்ப்பலி விபத்துகள், இருபதும் அதற்கு மேலும் வயதுடையோரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஒருநாள் பிள்ளை பதினொன்றே முக்காலுக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியில் கீறல் இல்லை, யாருக்கும் தீங்கில்லை. வந்துவிட்டதே என்ற நிம்மதியில் பெற்றோர் பேசாதிருந்துவிடுகின்றனர். "ஒன்றும் நடக்கவில்லையே" என்பது பிள்ளையின் வாதம். இங்கேதான் நம் ஆகமம் உலக வழக்கினின்று வேறுபடுகிறது. உமாசுவாமிகள் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முதலில் வைத்தார். அமிருதசந்திரரோ புருஷார்த்த சித்தியுபாயத்தில் இன்னும் தெளிவாக விளக்குகிறார்: விழிப்புடன் ஒழுகுபவனால் எதிர்பாராது ஓர் உயிர் இறப்பினும் அவனுக்கு இம்சையில்லை, விழிப்பின்றி ஒழுகுபவனுக்கு, எவ்வுயிரும் இறவாவிடினும், இம்சை உண்டு. ஆகவே பதினொன்றே முக்காலுக்கு நலமாக வந்த பிள்ளையிடமும் பேசியே ஆகவேண்டும். அன்றிரவே பேச வேண்டுமென்பதில்லை. களைத்து வந்தவரிடம் இரு தரப்பும் குரலுயர்த்துவதே மிஞ்சும். மறுநாட் காலை போதும்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில்கள் என்று நாம் படித்திருக்கிறோம். கலிபோர்னியாவில் பதினெட்டு வயது நிரம்பாதவரின் உரிம விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். பிள்ளை விளைவிக்கும் சேதத்திற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். விரும்பினால் அதே பெற்றோர் விண்ணப்பித்து அவ்வுரிமத்தை நீக்கிவிடவும் இயலும். சாவியைக் கொடுப்பது செய்வித்தல். தாமதத்தைக் கண்டும் காணாதிருப்பது உடன்படுதல். சட்டம் வேறு மொழியில் அதையே கூறுகிறது.

தேசவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. எல்லையைத் தாண்டாமலே எல்லைக்கு வெளியேயுள்ள பொருளை வரவழைப்பது, ஆளை அனுப்புவது, குரல் கொடுத்து அழைப்பது, உருவத்தைக் காட்டிக் குறிப்புணர்த்துவது, கல்லை எறிந்து தெரிவிப்பது ஆகியவை அவை. விரதத்தின் எழுத்தைக் காத்துக் கருத்தை விடும் தந்திரங்கள். இப்பட்டியலைப் பதினாறு வயதினரிடம் படித்துக் காட்டினால் சிரித்துவிடுவர். தாங்கள் செய்வதை எவரோ ஆயிரமாண்டுகளுக்கு முன்பே கண்டறிந்துவிட்டார் என்று தோன்றும். "நான் ஓட்டவில்லையே, நண்பன்தான் வந்து அழைத்துப் போனான்" என்பது இவ்வகையே. அந்த நண்பனுக்கும் பதினேழு வயது. அவனுக்கும் அதே தடை. ஆகவே வீட்டில் எழுதிக்கொள்ளும் உறுதியில், பிறர் ஓட்டும் வண்டியில் இரவில் ஏறுவதையும் சேர்த்தே எழுதுதல் நலம்.

பயணிகள் பற்றிய தடைதான் நம் வீடுகளில் அதிகம் தடுமாறவைப்பது. தசலட்சண பருவத்தில் ஆலய நிகழ்ச்சி இரவு நீளும். பாடசாலைத் தோழர்களை வீட்டில் இறக்கிவிடுவது வாத்சல்யம் என்று பிள்ளை நினைக்கிறது. சில பெற்றோரும் அப்படியே நினைத்துப் பெருமைகொள்கின்றனர். ஆனால் சமவயதினர் காரில் கூடக்கூட விபத்தும் கூடுகிறது என்பதனால்தான் அத்தடை வந்தது. அன்பு வேண்டுமாயின் மூத்தவர் ஒருவர் உடன் அமரட்டும். தம்பியை அழைத்து வர எழுதிக்கொடுக்கும் கடிதத்திலும் கவனம் தேவை. வேறு வழியில்லாதபோது தருவதற்கானது அது. பெற்றோரின் சோம்பலுக்காக அன்று.

பிள்ளைக்கு மட்டும் விரதம் வைத்துப் பெற்றோர் தப்பித்துக்கொள்ளலாகாது. பிள்ளை ஓட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் தொலைபேசியில் அழைப்பதை முதலில் நிறுத்த வேண்டும். அம்மாநிலத்தில் பதினெட்டுக்குட்பட்ட ஓட்டுநர் கையில் பிடிக்காத கருவியிலும் பேசலாகாது. எங்கே இருக்கிறாய் என்று பத்து நிமிடத்திற்கொரு முறை கேட்கும் தாயே அவ்விதியை மீறச் செய்துவிடுகிறாள். அடுத்தது, பத்து மணிக்குப் பிள்ளை கிளம்ப இயலாமற் போய், "நேரமாகிவிட்டது, வந்து அழைத்துப் போங்கள்" என்று கூப்பிட்டால், தந்தை எழுந்து செல்ல வேண்டும். அரை மணிப் பயணமாயினும், மறுநாள் அதிகாலையில் அலுவலகம் இருப்பினும் செல்ல வேண்டும். வழியில் கடிந்துரைத்தல் கூடாது. ஒருமுறை கடிந்தால் அடுத்தமுறை அழைப்பு வாராது. பதினொன்று பத்துக்கு விளக்கை ஏற்றிக்கொண்டு தானே புறப்பட்டுவிடும். பிள்ளையின் கார் அங்கேயே நிற்கட்டும், காலையில் சென்று எடுத்துக்கொள்ளலாம்.