பழைய புல்லட் எஞ்சின் கையில் இருக்கிறதா?

திருவொற்றியூர் ஆலையில் தயாரான வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட் எஞ்சின்கள் இன்றும் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கின்றன. பொறுமை இருந்தால் வீட்டிலேயே உயிர் கொடுக்கலாம்.

காகிதம் முதலில்: எஞ்சின் எண்ணை ஆர்.சி. புத்தகத்துடன் ஒப்பிடுங்கள். எண் தேய்க்கப்பட்டிருந்தால் வாங்கவே வேண்டாம். வேறு வண்டியில் பொருத்துவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி அனுமதி பெறுங்கள்.

350-ஆ, 500-ஆ? ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். 70 மி.மீ. அளவில் இருந்தால் 346 சி.சி.; 84 மி.மீ. என்றால் 499 சி.சி. முன்பே போரிங் செய்திருந்தால் சற்றுக் கூடுதலாகக் காட்டும். இரண்டிலும் ஸ்ட்ரோக் 90 மி.மீ.தான்.

இறுகிப் போயிருந்தால் கிக்கரை மிதிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியே டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, சில நாட்கள் ஊறவிடுங்கள்.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படமெடுங்கள். போல்ட், நட்டுகளைத் தனித்தனி டப்பாக்களில் பெயரெழுதி வையுங்கள். கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கிராங்கை லேத் பட்டறைக்கு அனுப்புவதே சரி. பக்கவாட்டில் லேசான அசைவு இருக்கலாம், அது பழுதல்ல.

போரிங்: ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, அதன் அளவுக்கே சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள். மாற்றிச் செய்தால் பிஸ்டன் கிடைக்காமல் அலைய நேரும்.

பூட்டும்போது கேஸ்கட், ஆயில் சீல் எல்லாம் புதிதாகவே போடுங்கள். முதலில் ஓடவிட்டதும் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். ஆயில் கசியவில்லை என்றால் எஞ்சினை உடனே நிறுத்தி, ஆயில் பம்பைச் சோதியுங்கள்.