விவாகரத்தும் முன்னேற்பாடும்

சுங்குவார்சத்திரத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகியபின் மாதச் சம்பளமும் வங்கிக் கடனும் நம் குடும்பங்களில் புகுந்துள்ளன. தம்பதிகள் பிரிய நேர்ந்தால், பிரிப்பதற்குப் பண்ட பாத்திரங்கள் மட்டுமல்ல, மனையும் கடனும் உண்டு.

சென்னை மாகாணத்து இந்துக்கள் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விவாகரத்து உரிமை பெற்றனர். இப்பொழுது நடப்பது 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். மனமொத்துப் பிரிவோர் ஓராண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும்; மனுச் செய்தபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தக்க காரணமிருப்பின் நீதிமன்றம் இக்காத்திருப்பைத் தளர்த்தலாமென 2017-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஊரார் முன்னிலையில் வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளும் தீர்வு, குலவழக்கம் நிரூபிக்கப்பட்டாலன்றிச் செல்லாது. அதை நம்பி மறுமணம் செய்வோர் இருதார மணக் குற்றத்துக்கு ஆளாகலாம்.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, திருமணச் சான்று, பட்டா, நகை ரசீது, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைச் சேர்த்தல். ஜீவனாம்ச வழக்கில் இருவரும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டுமென 2020-இல் உச்சநீதிமன்றம் விதித்துள்ளது. இரண்டாவது, சீதனப் பொருள்களுக்குப் பட்டியல் எழுதுதல். அவை பெண்ணுக்கே உரியவை. மூன்றாவது, கடனைத் தெளிவாக்குதல். நம் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண், பிரிந்து ஈராண்டு கழிந்து வங்கி நோட்டீஸ் வந்தபின்னரே, வீட்டுக் கடனில் தாமும் கையொப்பமிட்டதன் பொருளை உணர்ந்தார். விவாகரத்தால் அக்கையொப்பம் அழிவதில்லை.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் சமாதானம் பேசலாம், தீர்ப்பெழுதலாகாது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற தொலைபேசி எண்ணையோ நாடுமாறு வழிகாட்டுவதே நம் கடமையாகும்.