சேலத்து வெயிலில் கடல் சாமந்தி

தம்பி, ஹாலில் கடல் மீன் தொட்டி வைத்தாயிற்று, கோமாளி மீன் ஜோடியும் வந்தாயிற்று, இப்போது அதற்குக் கடல் சாமந்தி வேண்டும் என்கிறாய். கடைக்காரர் அனிமோன் என்பார், வீட்டுப் பொடிசுகள் நீமோ வீடு என்பார்கள். ஆசைப்படு, தப்பில்லை. ஆனால் பங்குனி, சித்திரையில் மட்டும் வாங்கிவிடாதே. நம் சேலம், நாமக்கல் பக்கம் இந்த உயிரைக் கொல்வது முதலில் வெயில், அடுத்தது கரண்ட் கட். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

சாமந்திக்கு 25, 26 டிகிரி போதும். 30-ஐத் தாண்டி நாலு நாள் நின்றாலே அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளியேறத் தொடங்கும். வெளிச்சத்தை வைத்து அதற்குச் சோறு சமைத்துப் போடுவதே அந்தப் பாசிதான். அது போய்விட்டால் சாமந்தி வெளுத்துப் பட்டினி கிடக்கும். 2010-லும் 2016-லும் கோடையில் கடல் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தது இப்படித்தான். அத்தனை பெரிய கடலுக்கே அந்தக் கதி என்றால், வெயில் 40-ஐத் தொடும் ஊரில், ராத்திரி பத்து மணிக்கும் சுவர் கொதிக்கும் மாடி வீட்டில், கண்ணாடித் தொட்டி என்ன பாடு படும்?

சில்லர் வாங்க முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால் மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, தண்ணீர் மட்டத்தில் காற்று படும்படி சின்ன ஃபேன் வை. நம் ஊர்க் கோடைக் காற்று வறண்டது, அதனால் ஃபேனுக்கே ரெண்டு மூன்று டிகிரி இறங்கும். அறையே 35-ல் இருந்தால் அது போதாது, அந்த இரண்டு மாதம் ஏ.சி. ஓடும் அறைக்குத்தான் தொட்டி போக வேண்டும். ஐஸ் கட்டியைத் தொட்டியில் போடுகிற வேலை வேண்டாம். சூடு சட்டென்று ஏறி இறங்குவதும் அதற்கு ஆகாது.

ஃபேன் வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புக் கரைசலை அல்ல. தினமும் ஊற்று. ஒரு வாரம் விட்டுவிட்டு மொத்தமாக ஊற்றினால் உப்பு அளவு ஊஞ்சலாடும். ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிவிடு, அளவு 1.025-ஐ ஒட்டி இருக்கட்டும்.

நல்ல தண்ணீர் என்றால் எது? போர் தண்ணீரை நாம் உப்புத் தண்ணி என்கிறோமே, அதுதானே கடலுக்கும் என்று ஊற்றிவிடாதே. அது சுண்ணாம்பும் நைட்ரேட்டும் ஏறிய தண்ணீர், நம் பக்கம் பல ஊர்களில் ஃபுளோரைடும் உண்டு. குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி. அதிலும் ருசிக்காகத் தாதுவைத் திரும்பக் கலக்கும் மெஷின் என்றால், அந்தக் கலவைக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து பிடித்துக்கொள், டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். பிடித்த தண்ணீரை அம்மாவின் செப்புக் குடத்தில் வைத்தால் எல்லாம் வீண். செம்பு துளி இருந்தாலும் சாமந்தி தாங்காது. மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்தால் ஊற்றும் மருந்துகள் பலவற்றிலும் செம்புதான் இருக்கிறது. மருந்து கொடுப்பதென்றால் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிக் கொடு.

வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்று. ஸ்காட்லாந்தில் ஜான் டாலியெல் என்பவர் 1828-ல் கரையில் எடுத்து வந்த ஒரு கடல் சாமந்தி, கண்ணாடி ஜாடியிலேயே 1887 வரை இருந்தது. 'கிரானி', அதாவது பாட்டி என்று அதற்குப் பெயர். பம்ப் இல்லை, லைட் இல்லை. வளர்த்தவர் போன பிறகும் கைமாறிக் கைமாறி, கடல் தண்ணீரை மாற்றி மாற்றி வைத்தே காப்பாற்றினார்கள். அது குளிர்க்கடல் ஜாதி, நம்மிடம் கிடைப்பது வேறு. ஆனாலும் தண்ணீர் மாற்றச் சோம்பல்படும்போது அந்தப் பாட்டியை நினைத்துக்கொள்.

அடுத்தது பம்ப். புதிதாக வந்த சாமந்தி விட்ட இடத்தில் நிற்காது. வெளிச்சமும் நீரோட்டமும் பிடித்த இடம் தேடி நகரும். பவர்ஹெட்டின் உறிஞ்சும் வாய்க்கு ஸ்பாஞ்சோ வலையோ கட்டாமல் விட்டால் ஒரு ராத்திரியில் நார்நாராகிவிடும். கரண்ட் இல்லாத நேரம் இன்னும் மோசம். நின்ற பம்ப் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், கரண்ட் வந்ததும் முடிந்தது கதை. அதனால் வலை கட்டிய பிறகுதான் சாமந்தி உள்ளே. இன்வெர்ட்டரில் ஏர் பம்பையும் ஒரு சின்ன பவர்ஹெட்டையும் இணை, சில்லரை இணைக்காதே, பேட்டரி தாங்காது. ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சும். அதன் பக்கத்தில் கொசுவத்தியும் வேண்டாம், வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் வேண்டாம்.

தொட்டிக்கு ஆறு மாதமாவது ஆகட்டும், அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டட்டும், பிறகு மார்கழி, தை வாக்கில் வாங்கு. சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தாலும் பை சூடாகாது. கடையில் பார்க்க வேண்டியது மூன்று: வாய் இறுக மூடியிருக்கிறதா, அடிப்பாதம் கிழியாமல் இருக்கிறதா, நிறம் இயல்பாக இருக்கிறதா. பளீரென்ற வெள்ளை அழகல்ல, அது வெளுத்துப்போனது. பளபளக்கும் மஞ்சள் என்றால் சாயமாக இருக்கலாம். கம்பள ஜாதியைத் தொடாதே, சின்ன மீனையே பிடித்துத் தின்றுவிடும். நுனியில் குமிழ் உள்ள ஜாதியை எடு. அது தொட்டியிலேயே இரண்டாகப் பிரியும், அப்படிப் பிரிந்த துண்டு யாரிடமாவது கிடைத்தால் கடலிலிருந்து ஒன்றைப் பிடுங்க வேண்டியதில்லை. கூடவே பவளக் கல் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதே. 2001 முதல் பவளம் வன உயிரினச் சட்டத்தில் புலியோடு ஒரே அட்டவணையில் இருக்கிறது. செராமிக் கல் போதும்.

உண்மையைச் சொன்னால், உன் மீன்களுக்குச் சாமந்தி அவசியமே இல்லை. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சி மையங்களில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். சாமந்தி இல்லாத தொட்டியிலும் அவை நன்றாகவே வாழும். கடலில் பெரிய மீனிடமிருந்து ஒளியத்தான் அந்த வீடு. உன் தொட்டியில் விரட்ட யார் இருக்கிறார்கள்?

வந்த பிறகு, சாமந்தி சில நாள் சுருங்கிக் கிடந்தால் பதறாதே. உள்ளே உள்ள கழிவைத் தள்ளச் சுருங்கும், பிறகு விரியும். வாய் பிளந்து, வெள்ளை நூல் போலத் தொங்கி, நாற்றம் வந்தால்தான் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் வெளியே எடு, இல்லையென்றால் அமோனியா ஏறி மீனும் போகும். பாறையில் ஒட்டியதை நகத்தால் பெயர்க்காதே. கையுறை போட்டுக்கொள், கொட்டும் செல்கள் உண்டு, எண்ணெயும் சோப்பும் பட்ட கையும் ஆகாது.

தீனி, வாரம் ஒரு முறை, அதன் வாயைவிடச் சின்ன இறால் துண்டு ஒன்று, மஞ்சள் உப்பு தடவாதது. ஆடித் திருவிழாவுக்கு நீ வெளியூர் கிளம்பினால் லைட்டுக்கு டைமர் வை. வாரம் பத்து நாள் தீனி இல்லாமலே சாமந்தி தாங்கும். பக்கத்து வீட்டில் சாவி கொடு, ஒரு நாளைக்கு ஒன்றாக அளந்து வைத்த ஆர்.ஓ. பாட்டில்களைக் கொடு. தீனி டப்பாவை மட்டும் கொடுக்காதே.