செந்தூர் ரயில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்

ஓம் சரவணபவ!

எனக்கு ஊர் விருதுநகர் பக்கத்துல சூலக்கரை. வேலை சாஃப்ட்வேர். "முதல் சம்பளம் வாங்கினதும் அப்பா அம்மாவைச் செந்தூருக்குக் கூட்டிட்டு வர்றேன்"னு முருகன்கிட்ட வேண்டியிருந்தேன். முதல் சம்பளம் வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு ரிலீஸ், ஏதாவது ஒரு டெட்லைன். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமைதான் அந்தக் கடனைத் தீர்த்தேன்.

விடியுறதுக்கு முன்னாடியே விருதுநகர்ல ரயில் ஏறினோம். சாத்தூர், கோவில்பட்டி தாண்டி திருநெல்வேலி. அங்க இறங்கி செந்தூர் பாசஞ்சர். அது சுமார் 60 கிலோமீட்டர், ஒத்தைத் தண்டவாளம். எதிர்ல வர்ற வண்டிக்காக ஸ்ரீவைகுண்டத்துல நிறுத்திட்டாங்க. நான் மணியைப் பார்க்குறேன், போனைப் பார்க்குறேன். "இப்படி நின்னுக்கிட்டே இருந்தா எப்பப்பா போய்ச் சேர்றது?"

அப்பா முப்பது வருஷம் பட்டாசு ஆலையில இருந்தவர். "இடி மின்னல் வந்தா நாங்க மருந்து வேலையை அப்படியே நிறுத்திட்டு வெளிய வந்துருவோம்யா. நிறுத்தத் தெரியாதவன் அங்க இருக்க முடியாது. இந்த ஸ்டேஷன்லயும் ஒருத்தர் நிறுத்தினாருல்ல, மறந்துட்டியா?"ன்னார்.

2023 டிசம்பர் 17 ராத்திரி. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை. செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின எக்ஸ்பிரஸ்ல ஏறத்தாழ 800 பேர். முன்னால தண்டவாளத்துக்கு அடியில ஜல்லியை வெள்ளம் அடிச்சுட்டுப் போயிருச்சு. ஸ்ரீவைகுண்டம் நிலைய அதிகாரி ஜாபர் அலி வண்டியை மேல போக விடலை. சுத்தி வெள்ளம். பக்கத்துல இருக்குற புதுக்குடி ஊர்க்காரங்க, தங்களுக்கே கஷ்டமான நேரத்துல, பயணிகளுக்குச் சமைச்சுப் போட்டாங்க. 19ஆம் தேதி எல்லாரும் மீட்கப்பட்டாங்க. அந்த வண்டியில இருந்தவங்கள்ல எத்தனை பேர் முதல்ல என்னை மாதிரியே சலிச்சிருப்பாங்க!

அதுக்கப்புறம் நான் போனை எடுக்கலை.

ஆறுபடை வீடுகள்ல கடற்கரையில இருக்குறது இரண்டாம் படைவீடான செந்தூர் மட்டும்தான். சூரசம்ஹாரம் நடந்த தலம்னு நமக்கெல்லாம் தெரியும். ஆனா மூலவரை நல்லாப் பார்த்திருக்கீங்களா? அங்க போர்க்கோலம் இல்லை. சூரனை வென்ற பிறகு, கையில மலரோட சிவபூஜை செய்யுற நின்ற கோலம். அவர் பூஜிச்ச பஞ்சலிங்கம் கருவறைக்குப் பின்னாடி இருக்கு. ஜெயிச்சதும் அடுத்த வேலைக்கு ஓடலை. நின்னு, அப்பனுக்குப் பூ போட்டார். நான் வேலை கிடைச்சதும் செய்ய மறந்தது அதைத்தான்.

தரிசனம் முடிஞ்சு நாழிக்கிணத்துல தீர்த்தமாடினோம். அப்புறம் கடற்கரை. அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அலையில கால் நனைச்சுக்கிட்டே நின்னாங்க. "போதும்மா, ரயிலுக்கு நேரமாச்சு"ன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையைப் பிடிச்சு, "இருக்கட்டும்யா, நிக்கட்டும்"னார். அம்மா ஆறு வருஷமா ஒரு தடவைகூட "எப்ப கூட்டிட்டுப் போவ?"ன்னு கேட்டதில்லை. அது அப்பதான் உறைச்சது.

நாம கத்துக்க வேண்டியது:

• வேண்டுதல் பலிச்சா, அடுத்த வேண்டுதலுக்கு முன்னாடி முதல்ல நன்றி சொல்லுவோம்.

• தடை வந்தா உடனே சலிச்சுக்க வேண்டாம். அது காப்பாகவும் இருக்கலாம்.

• காக்குறவர் எந்தப் பேர்ல, எந்த ரூபத்துல வந்தாலும் கும்பிடுவோம்.

• அப்பா அம்மாவுக்குச் சொன்ன வாக்கைத் தள்ளிப் போடாதீங்க. செந்தூர் எங்கயும் போகாது. அவங்களுக்கு வயசாகுது.

இதைப் படிச்சு முடிச்சதும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!